மணிக்கட்டைப் பிடித்த வலி

கேஷுவாலிட்டியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் வாயில் ஒரு வாக்கியம் வந்து ஒட்டிக்கொள்ளும். "சின்னக் காயம்தான், பெஞ்சுல உக்காருங்க." பணியில் இருந்த காலம் முழுக்க நானும் அதைச் சொன்னேன். அதில் தப்பில்லை. வயிற்றில் அடிபட்டுத் துவண்டு கிடப்பவரை விட்டுவிட்டு, நகம் பிய்ந்தவரைப் பார்க்கப் போக முடியாது. யாரை முதலில் பார்ப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்று பிரிப்பதுதான் நம் வேலையின் தொடக்கம்.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் காயம் சின்னது என்று தெரியாது. அவருக்கு இருப்பது ஒரே உடம்பு. சற்று முன்புதான் அதில் ஏதோ கிழிந்திருக்கிறது, நசுங்கியிருக்கிறது. அந்த வலியோடு அவர் உட்கார்ந்து அடுத்த கட்டிலில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் அவரைக் கடந்து போகும்போதெல்லாம் நம் முகத்தைப் பார்க்கிறார். அவர் உள்ளே வலி என்னென்ன செய்கிறது என்று நாம் கேட்பதில்லை. நேரம் இருப்பதில்லை.

ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருத்தி பேசுகிறாள் என்றதும் ஊசி, தையல், மருந்து என்று ஆரம்பிப்பாளோ என்று பயப்பட வேண்டாம். அவற்றையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் பெஞ்சைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பெரம்பலூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது, மக்காச்சோளக் காட்டில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியைத் தன் பாதத்திலேயே போட்டுக்கொண்டு வந்தார். வெட்டு ஆழமில்லை. கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் வரும்வரை பெஞ்சில் உட்கார வைத்தேன். ஊசி போட்ட பிறகு வலி குறைய வேண்டும். அவருக்குக் கூடிக்கொண்டே போனது. பற்களைக் கடித்துக்கொண்டு நடுங்கினார். காயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் ஒன்றுமே மாறவில்லை.

"என்னாங்க பண்ணுது?" என்று பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"அவரு மூச்சு வுடறாரும்மா" என்றார்.

அவர் பார்வை போன திசையில் பார்த்தேன். சுவரோரம் தள்ளுவண்டியில், கொஞ்சம் முன்பு இறந்துபோன ஒருவரை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தோம். அவருடைய உறவினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தின் மேலிருந்த துணி மெல்ல எழும்பி மெல்லப் படிந்தது. மறுபடியும் எழும்பியது. பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். நான் போய் துணியை இருபுறமும் செருகிவிட்டு, இவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், ஜன்னலைப் பார்த்த மாதிரி உட்கார வைத்தேன். டாக்டர் வந்து தையல் போட்டு முடிக்கும்வரை அவர் முனகக்கூட இல்லை.

அன்றிலிருந்து "வலிக்குதா?" என்று கேட்பதை விட்டேன். வலிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "வலி என்ன பண்ணுது?" என்று கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கேட்டதால்தான் நான் இப்போது சொல்லப்போவது நடந்தது.

அப்போது நான் அரியலூர்ப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிற நம்பரெல்லாம் அப்போது கிடையாது. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வேன்.

புரட்டாசி சனிக்கிழமை. கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்தே ரோட்டை நிறைத்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. சாயங்காலம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். எங்கள் அறையில் பெட்ரோமாக்ஸ் ஒன்றைக் கொளுத்தி நடுவில் மாட்டியிருந்தோம். அது நடுவில் வெளிச்சத்தையும் மூலைகளில் இருட்டையும் கொடுத்துக்கொண்டு இரைந்தது.

அந்த நேரத்தில் ஒரு டெம்போ வாசலில் வந்து நின்றது. விக்கிரமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, குழந்தைக்கு முடி இறக்கிவிட்டு மினி லாரியில் ஊர் திரும்பியிருக்கிறது. வழியில் ஓடைப் பாலத்துக்கு முன்னால் மண் சரிந்து, வண்டி கரையில் உருண்டுவிட்டது. பின்னால் வந்த டெம்போக்காரர் அவர்கள் எல்லோரையும் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

பெரிய அடி மினி லாரி டிரைவருக்குத்தான். ஸ்டியரிங் வயிற்றில் இடித்திருந்தது. வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது, நாடி ஓடி ஓடி மெலிந்துகொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். ஆனால் கை நடுங்காதவர். பார்த்த உடனே முடிவெடுத்தார். "உள்ள ரத்தம் போகுது சிஸ்டர். இங்க வச்சிருந்தா ஆகாது. ட்ரிப்ஸ் போட்டு உடனே திருச்சிக்கு அனுப்பணும். வேனை எடுக்கச் சொல்லுங்க."

மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். குடும்பத்துப் பெரியவர், அவர் மகன் கொளஞ்சி, கொளஞ்சியின் மனைவி மலர்க்கொடி, அவன் தங்கை, பிள்ளைகள். எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன். மொட்டையடித்த குழந்தை சந்தனத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒவ்வொருவராக விரலால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பெருமாளே, எல்லாரும் இருக்கோம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மலர்க்கொடிக்கு நெற்றியில் ஒரு வெட்டு. எலும்பு தெரியவில்லை, ஆனால் தையல் போட வேண்டும். டாக்டர் டிரைவரோடு இருந்ததால் அதை நானே போட உட்கார்ந்தேன். ஊசி முதல் முறை தோலில் ஏறியபோது அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மடியில் வைத்திருந்தாள். அவள் முகம் முழுக்க வலி இருந்தது. ஆனால் அது நெற்றியிலிருந்து வரும் வலி இல்லை.

"மலர்க்கொடி, எங்கம்மா வலிக்குது?"

"கைங்க சிஸ்டர்."

கையை வாங்கிப் பார்த்தேன். விரல்களை மடக்கச் சொன்னேன், மடக்கினாள். திருப்பச் சொன்னேன், திருப்பினாள். எலும்பு முறிவுக்கான அறிகுறி எதுவும் இல்லை. நாடி சரியாக இருந்தது. ஆனால் அந்தக் கை மட்டும் சில்லென்று இருந்தது. இடது கை வெதுவெதுப்பாக இருந்தது. மழையில் நனைந்து வந்தவள்தானே என்று துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

"வலி என்ன பண்ணுது?"

"புடிச்சிருக்குங்க."

விழுந்தபோது கை சுளுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து, "கை புடிச்சுக்கிச்சா? தைலம் தடவினா சரியாயிடும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இல்லீங்க சிஸ்டர். என் கை புடிச்சிக்கல. என் கையப் புடிச்சிருக்கு."

"யாரு?"

"தெரியலீங்க." குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "வுடவே மாட்டேங்குது. வுடச் சொல்லுங்க."

தலையில் அடிபட்டவர்கள் எதையாவது உளறுவதுண்டு. பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன், குழந்தையின் பெயர் கேட்டேன், என்ன கிழமை என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். தையலை முடித்துக் கட்டுப் போட்டு, வலிக்கு ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முழங்கால் சிராய்ப்பு எரியவில்லை என்றாள், நெற்றி மரத்துவிட்டது என்றாள். மணிக்கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

பெட்ரோமாக்ஸை அருகில் நகர்த்தச் சொல்லி மறுபடியும் அந்தக் கையைப் பார்த்தேன். இப்போது தெரிந்தது. மணிக்கட்டில் கன்றிப்போன தடங்கள். நான் முதலில் பார்த்தபோது இவ்வளவு தெளிவாக இல்லை. நேரம் ஆக ஆக நீலம் ஏறிக்கொண்டிருந்தது. மேல்புறம் நான்கு, கீழ்ப்புறம் ஒன்று. விரல்கள்.

பொம்பளையின் மணிக்கட்டில் விரல் தடம் இருந்தால் நாம் என்ன நினைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி, மறைப்புத் திரைக்குப் பின்னால் அவளை அழைத்துப்போனேன்.

"யாராவது முரட்டுத்தனமா பிடிச்சாங்களா? வூட்டுல? கோயில்ல? பயப்படாம சொல்லும்மா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் பதறிவிட்டாள். "ஐயோ, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. வண்டியில அவரு முன்னாடி கோடியில புள்ளைய வச்சிக்கிட்டு இருந்தாரு. என் கையில காலையில ஒண்ணும் இல்லீங்க. வளையல் போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன்."

அவள் இடது கையில் கண்ணாடி வளையல்கள் அப்படியே இருந்தன. வலது கையில் ஒன்றுகூட இல்லை. தோலில் கண்ணாடி கீறிய கோடுகள் மட்டும் இருந்தன.

வெளியே வந்து கொளஞ்சியைக் கூப்பிட்டேன். "வண்டி சாயும்போது இவங்க கையை யாராவது புடிச்சீங்களா?"

அவன் முகம் சுருங்கியது. அவனும் நான் என்ன நினைக்கிறேன் என்று புரிந்துகொண்டான். "என்னாங்க சிஸ்டர், என்னயச் சந்தேகப்படுறீங்களா? இந்தாங்க, பாத்துக்குங்க" என்று கோபமாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டின் மேல் வைத்தான்.

அவன் விரல்கள் தடங்களைத் தாண்டி வெளியே போயின. அவனுடையவை தடித்த விரல்கள், தடங்கள் மெலிந்தவை. பெரியவர் எழுந்து வந்து, சொல்லாமலேயே தன் கையை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. நாத்தனார் பயந்துகொண்டே விரலை நீட்டினாள். அவளுக்கு எட்டவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒவ்வொருவராக வந்து அந்தக் கையின் மேல் கை வைத்துப் பார்த்ததும், விலகிப் போனதும் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. மலர்க்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். விரல் நுனிகள் அவள் முழங்கையைப் பார்த்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிடித்த பிடி இல்லை. எதிரே இருந்து எட்டிப் பிடித்து, கீழே தொங்கிய பிடி.

"எந்தப் பக்கமா இழுக்குது?" என்று கேட்டேன்.

"கீழ."

கேட்டதும் கூரைமேல் விழுந்த மழைச் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது.

பெரியவரிடம் திரும்பினேன். "ஐயா, வண்டியில உங்க குடும்பத்தைத் தவிர வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்லம்மா. நாங்க மட்டுந்தான். எண்ணிப் பாத்துட்டேனே."

"வழியில எங்கயாவது நிறுத்தினாங்களா?"

கொளஞ்சி யோசித்தான். "ஒரு எடத்துல நிறுத்துனாரு. தார்ப்பாய இழுத்துக் கட்டுறாருன்னு நெனச்சோம். நாங்கள்லாம் முன்பக்கம் ஒண்டிக்கிட்டு இருந்தோம். பின்னாடி பாத்திரமும் மூட்டையுந்தான். உள்ள ஒரே கும்மிருட்டுங்க."

நான் பேயையோ பிசாசையோ நினைக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். நான் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்: இது ஒரு கையின் தடம். இந்த அறையில் உள்ள யாருடைய கையும் இல்லை. அப்படியானால் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இந்த அறையில் இல்லை.

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் டிரைவர் ஒருவர்தான். அவரை அந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சரில் வைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வேன் உறுமிக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரின் முன்னால் நின்றேன்.

"சார், ஒரு கேள்வி கேட்கணும்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் தப்பு. "சிஸ்டர், இவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். வழி விடுங்க."

"இன்னொரு ஆள் ஓடையில இருக்காங்களோன்னு பயமா இருக்கு சார். இவர் போயிட்டா கேக்க ஆள் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். தடத்தைப் பற்றி விளக்க நேரமில்லை என்பதை என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். "கேளுங்க. சீக்கிரம்" என்றார். அவரே குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினார்.

டிரைவரின் கண்கள் பாதி மூடியிருந்தன. காதருகே வாயை வைத்து, "அண்ணே, வழியில யாரையாவது ஏத்துனீங்களா? பின்னாடி யாராவது ஏறினாங்களா?" என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். உதடு அசைந்தது.

"ஒரு அம்மா... மழயில நின்னுச்சு..."

அவ்வளவுதான். வேன் கிளம்பிப் போனது.

டெம்போக்காரர் வாசலில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எல்லாரும் வந்துட்டம்னு அவங்களே சொன்னாங்களேம்மா" என்று தயங்கினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஓடைக்கரை சரிந்து கிடந்தது. நான் வாதாடவில்லை. உள்ளே கூப்பிட்டு மலர்க்கொடியின் கையைக் காட்டினேன். அவர் பீடியைக் கீழே போட்டார். எதிரே டீக்கடையில் இருந்தவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டார். கொளஞ்சியும் நொண்டிக்கொண்டே ஏறினான். கயிறும் டார்ச் லைட்டும் கொடுத்து அனுப்பினோம்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. நம் தொழிலில் காத்திருப்பதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

மலர்க்கொடியைக் கட்டிலில் படுக்க வைத்தேன். அவள் கட்டிலின் ஓரத்துக்கே நகர்ந்து நகர்ந்து வந்தாள். ஏன் என்று கேட்டபோது, "அந்தப் பக்கம் இழுக்குதுங்க" என்றாள். அவள் விழுந்துவிடாமல் இருக்க நான் கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கையை மறுபடியும் துடைத்தேன். மறுபடியும் ஈரமாக இருந்தது. நனைந்த சேலை, மழைக் குளிர், பயத்தில் வேர்க்கும் உள்ளங்கை. காரணம் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அப்போதே சொல்லத் தெரியும். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். கையைத் தொட்டவர் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். பிறகு வெட்கப்பட்டது போல மறுபடியும் தொட்டு நாடி பார்த்தார். என்னிடம் மட்டும், "இன்னொரு ஊசி வேணாம் சிஸ்டர். பக்கத்துலயே இருங்க" என்றார்.

"தண்ணி ஏறுதுங்க சிஸ்டர்" என்றாள் மலர்க்கொடி ஒருமுறை.

"எங்க?"

நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். அதன் பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வலி அதிகமாகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எங்களையெல்லாம் பார்த்தாள். பிரசவ வார்டில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அடுத்த வலி வரப்போகிறது என்று தெரிந்து பிடிமானம் தேடுகிற பார்வை. அப்படி.

எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. பெட்ரோமாக்ஸுக்கு யாரோ காற்றடித்தார்கள். மழை கொஞ்சம் விட்டது. திடீரென்று மலர்க்கொடியின் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை அறுத்தது போல, அந்தக் கை பொத்தென்று மெத்தையில் விழுந்தது.

"வுட்டுருச்சு" என்றாள்.

கையைத் தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வலி போனவளின் முகம் இல்லை அது. கண்கள் விரிந்திருந்தன. "சிஸ்டர், வுட்டுருச்சுங்க. செத்துட்டாங்களா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சமாதானம் சொல்ல வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று நாம் நாளெல்லாம் சொல்கிறோமே, அதே வார்த்தை. ஆனால் அந்தப் பெஞ்சில் அவள் சொன்னதை யாராவது ஒருத்தி நம்ப வேண்டும் என்றுதான் அவள் எனக்கு அவ்வளவையும் சொன்னாள். இப்போது போய் அவளிடம் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "வண்டி வரட்டும். நானும் உன்கூடத்தான் உக்காந்திருக்கேன்."

அவள் அழவில்லை. என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். இடது கையால். பெரியவர் வாய்க்குள் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாத்தனார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மனதுக்குள் நாங்கள் எல்லோரும் அந்த அம்மாவைப் புதைத்துவிட்டோம். இதைச் சொல்லத்தான் வேண்டும்.

டெம்போவின் ஹாரன் சத்தம் ரோட்டுத் திருப்பத்திலேயே கேட்க ஆரம்பித்தது. விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். பிணம் கொண்டுவருகிறவர்கள் அப்படி ஹாரன் அடிப்பதில்லை. டாக்டருக்கும் அது புரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினோம்.

உயிரோடு இருந்தாள். அறுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. உதடு நீலம் பாரித்து, பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஓடைக்கரையின் சரிவுக்குக் கீழே, கோரைப் புதரில் சிக்கி, நெஞ்சளவு தண்ணீரில் இருந்திருக்கிறாள். மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது என்றும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கழுத்துக்கு வந்திருக்கும் என்றும் டெம்போக்காரர் சொன்னார்.

போர்வை, சூடு, ட்ரிப்ஸ், இடுப்புக்குத் தாங்கல் என்று எங்களுக்கு அடுத்த வேலை வந்துவிட்டது. அந்த அம்மா பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூலாம்பாடியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவள். கோயிலுக்குத் தனியாகப் போய், பஸ் கிடைக்காமல் மழையில் நின்றபோது மினி லாரிக்காரர் இரக்கப்பட்டுப் பின்னால் ஏற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே இருந்தவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. அவளுக்கும் அவர்களைத் தெரியாது. அவளுக்கு வேண்டியவர்கள் யாரும் வண்டியில் இல்லாததால், பெரியவர் எண்ணியபோது அவள் குறையவே இல்லை.

"வண்டி சாயறப்ப யார் கையையாச்சும் புடிச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வண்டியில எங்கம்மா? நாந்தான் மொதல்ல தெறிச்சு வுழுந்துட்டேனே" என்றாள். "தண்ணிக்குள்ள போயிட்டேன். மூச்சு முட்டுச்சு. அப்பத்தான் ஒரு கை ஆப்புட்டுச்சு. வளையல் போட்ட கை. கெட்டியா புடிச்சிக்கிட்டேன். கத்தலாம்னா குரல் வரல. அந்தக் கைய மட்டும் வுடல. அந்தப் புள்ள யாரோ, மேலேருந்து என்னயத் தாங்கிக்கிட்டே இருந்துச்சு. இவங்கள்லாம் டார்ச் அடிச்சிக்கிட்டு எறங்கி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சாங்க பாருங்க, அப்பத்தான் வுட்டேன்."

கொளஞ்சி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அங்க யாருமே இல்லீங்க சிஸ்டர்" என்றான் மெதுவாக. "ஒரு வேரத்தான் புடிச்சிருந்தாங்க. கருவ வேரு. வெரல ஒண்ணொண்ணா நாங்கதான் பிரிச்சு எடுத்தோம்."

இதற்கு டாக்டர் ஒரு விளக்கம் சொன்னார், நல்ல விளக்கம். வண்டி உருண்டபோது மலர்க்கொடியும் கரையில் போய் விழுந்திருப்பாள். அந்த அம்மா தண்ணீரிலிருந்து எட்டி முதலில் அவள் கையைப் பிடித்திருப்பாள். மலர்க்கொடியை யாரோ இருட்டில் இழுத்துத் தூக்கியபோது பிடி நழுவி வேர் சிக்கியிருக்கும். மயக்கத்தில் அந்த அம்மாவுக்குக் கையும் வேரும் ஒன்றாகிவிட்டன. அதிர்ச்சியில் மலர்க்கொடிக்கு நடந்தது மறந்து வலி மட்டும் மிஞ்சியது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். "வுட்டுருச்சு" என்று அவள் சொன்ன நேரத்துக்கு மட்டும் அவரும் விளக்கம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிரைவருக்குத் திருச்சியில் ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து ஒருநாள் வழியில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். மழையில் அந்த அம்மாவை ஏற்றியது நினைவிருக்கிறது, ஆஸ்பத்திரியில் யாரிடமும் எதுவும் பேசியது நினைவில்லை என்றார்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். அமானுஷ்யத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னக் காயத்தோடு வந்தவர் காயத்துக்குப் பொருந்தாத வலியைச் சொன்னால், நடிக்கிறார் என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். அந்த வலி அவர் இங்கே வருவதற்கு முன்பு நடந்த எதையோ இன்னும் விடாமல் வைத்திருக்கலாம். உங்களுக்கு அது புரியாமல் போகலாம். புரியாவிட்டாலும் அதன்படி ஒரு காரியம் செய்ய முடியும். அன்று எனக்கு எதுவும் புரிந்துவிடவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மாவைத் திருச்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். மகள் வந்து சேர்ந்திருந்தாள். போவதற்கு முன்னால் அந்தப் புள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்டாள். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மலர்க்கொடியை அழைத்து வந்தேன். கட்டிலுக்கு நான்கு முழம் தள்ளியே நின்றுவிட்டாள். அந்த அம்மா கண் கலங்கி, படுத்தபடியே கையை நீட்டினாள். மெலிந்த, நீண்ட விரல்கள்.

மலர்க்கொடி வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நல்லாருங்கம்மா" என்றாள். "நல்லபடியா நடந்து வாங்க. கைய மட்டும் கேக்காதீங்க."

வெளியே வந்ததும் அந்த மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள். "இங்க ஒரு கட்டுப் போட்டு வுடுங்க சிஸ்டர்."

அங்கே கட்டுப் போடும்படி ஒரு காயமும் இல்லை. தடங்கள்கூட மங்க ஆரம்பித்திருந்தன. பஞ்சு வைத்து, துணி சுற்ற ஆரம்பித்தேன். டாக்டர் பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

"இறுக்காதீங்க" என்றாள்.

சுற்றியதைப் பிரித்து, தளர்த்திக் கட்டிவிட்டேன்.